தன்பாலீர்ப்பாளர் கூடுகையில் மதம் பேசும்போது

கேள்வி: சென்னையில் தன்பாலீர்ப்பாளர் நண்பர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடிப் பேசுகிறோம். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம், நாத்திகர் என எல்லாரும் இருக்கிறார்கள். மதம் பற்றிய பேச்சு எழுந்தாலே அது எங்கெங்கோ போய்ச் சண்டையில் முடிகிறது. சிலர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். மதம் பேசவே கூடாது என்று விதி வைத்துவிடலாமா, அல்லது பேச்சை எடுத்த பொருளிலேயே நிறுத்துவதற்கு வழி உண்டா?

பதில்:

தடை வேண்டாம். அதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கூடுகைக்கு வருகிறவர்களில் பலர் மதத்தை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே வர முடியாதவர்கள். மகன் மாற வேண்டும் என்று உபவாசம் இருக்கும் தாய், வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசல் பயானில் (சொற்பொழிவில்) லூத் நபியின் சமூகத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு யாரிடமும் பேசாமல் வீடு திரும்பும் இளைஞர், கல்யாணம் கூடிவர வேண்டும் என்று குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வைத்திருக்கும் பாட்டி: இவையெல்லாம் அவர்களுடைய அன்றாடம். இதைப் பேசுவதற்கு உங்களிடத்தில் இடம் இல்லை என்றால், குணப்படுத்தித் தருகிறோம் என்று சொல்கிறவர்களிடம்தான் அவர்கள் போய் நிற்பார்கள். மேலும், மதம் பேசக் கூடாது என்ற விதி எல்லாரையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. நம்பிக்கை இல்லாதவருக்கு அதனால் இழப்பு எதுவும் இல்லை. நம்பிக்கை உள்ளவர் மட்டும் தம் வாழ்க்கையின் பாதியை மறைத்துக்கொண்டு உட்கார வேண்டும். வீட்டில் ஒன்றை மறைப்பவர் இங்கே வந்தும் இன்னொன்றை மறைக்க நேர்வது நியாயமாகாது.

அப்படியானால் பேச்சு ஏன் தடம் மாறுகிறது? பேசுகிறவர்கள் கோபக்காரர்கள் என்பதால் அல்ல. இத்தகைய கூடுகைகளைப் பல ஆண்டுகளாக நடத்தி வருபவன் என்ற முறையில் நான் கண்டது இதுதான்: ‘மதமும் நாமும்’ என்ற ஒரே தலைப்பின்கீழ் குறைந்தது நான்கு வெவ்வேறு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. புனித நூல் என்ன சொல்கிறது, அதை யார் எப்படி வாசித்திருக்கிறார்கள் என்பது ஒன்று. இன்றைக்கு இந்தத் திருச்சபையோ ஜமாஅத்தோ மடமோ எதை அனுமதிக்கிறது, எதை மறுக்கிறது என்பது இரண்டாவது. நாட்டின் சட்டம் மதத்தின் பேச்சைக் கேட்க வேண்டுமா என்பது மூன்றாவது. நான் என்ன செய்வது என்று ஒருவர் தமக்காகக் கேட்பது நான்காவது. இவை ஒவ்வொன்றுக்கும் சான்று வேறு, பதில் சொல்லத் தகுதியானவர் வேறு, பதில் கிடைக்க ஆகும் காலமும் வேறு. ஒரு கேள்விக்குரிய பதிலை இன்னொரு கேள்விக்குச் சொல்லும்போது பேச்சு நழுவத் தொடங்குகிறது. சொன்னவர் உண்மையைத்தான் சொல்லியிருப்பார் என்பதால், நழுவியது யாருக்கும் உடனே தெரிவதில்லை.

நான் அருகிலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த ஓர் இளைஞர், வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்துக்கு எழுந்து போகலாமா அல்லது இருக்கையிலேயே இருந்துவிடலாமா என்று கேட்டார். எழுந்து போனால் மனம் உறுத்துகிறது, போகாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா காரணம் கேட்பார். இவ்வளவுதான் அவருடைய கேள்வி. முதலில் பேசியவர், ஆணோடு ஆண் கூடுவதை விலக்கும் விவிலிய நூலான லேவியராகமத்தை எடுத்தார். அடுத்தவர், அதே நூல் செதில் இல்லாத மீனையும் தின்னக் கூடாது என்கிறதே என்றார். மூன்றாமவர் குருக்கள்மார் சிலர் சிறுவர்களுக்கு இழைத்த கொடுமைகளைப் பேசினார். நான்காமவர் மதமே மனிதனை அடிமைப்படுத்த வந்தது என்றார். ஐந்தாமவர், எங்கள் மதத்தில் இந்தச் சிக்கலே கிடையாது, கூவாகத்தைப் பாருங்கள் என்றார். அதைக் கேட்டு ஆறாமவர் சாதியைப் பற்றிச் சூடாகப் பேசத் தொடங்கினார். ஆறு பேரும் சொன்னவற்றில் உண்மை இருந்தது. கேட்டவருக்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை. அவர் கேட்டது நான்காவது வகைக் கேள்வி. அதே சபையில் அதே நிலையில் இருந்து, தமக்கென ஒரு முடிவுக்கு வந்திருந்த இன்னொருவர் அந்த அறையிலேயே இருந்தார். முதலில் பேசியிருக்க வேண்டியவர் அவர்தான். இரைச்சலில் அவர் வாய் திறக்கவே இல்லை.

இது சிறு கூட்டங்களுக்கு மட்டும் நேர்வது என்று எண்ண வேண்டாம். உலகம் முழுவதிலுமுள்ள ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த சபைகளின்) பேராயர்கள் 1998ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கேன்டர்பரியில் லாம்பெத் மாநாட்டுக்காகக் கூடினார்கள். தென்னிந்தியத் திருச்சபையும் அந்த ஐக்கியத்தின் உறுப்பு என்பதால் அங்கே நடந்தது நமக்கு அந்நியமானதும் அல்ல. மனிதப் பாலியல் பற்றி ஆராயத் தனியாக ஒரு குழு அமைக்கப்பட்டு, முரண்பட்ட கருத்துடையவர்கள் அதில் நாள்கணக்கில் ஒன்றாக உட்கார்ந்து பேசி, இந்தப் பொருளில் தங்களுக்குள் ஒருமனம் இல்லை என்று நேர்மையாக ஒப்புக்கொள்ளும் ஓர் அறிக்கையைத் தயாரித்தார்கள். ஆனால் ஆகஸ்ட் 5 அன்று பொது அவையில் ஒரே பிற்பகலில் திருத்தங்கள் முன்மொழியப்பட்டு, தன்பாலுறவு வேதத்துக்கு ஒவ்வாதது என்ற சொற்கள் சேர்க்கப்பட்டு, தீர்மானம் 1.10 நிறைவேறியது. ஆதரவாக 526 வாக்குகள், எதிராக 70, வாக்களிக்காதவர்கள் 45 பேர். அன்றைக்கே அரங்குக்கு வெளியே, நைஜீரியாவின் எனுகு மறைமாவட்டப் பேராயர், தன்பாலீர்ப்புக் கிறிஸ்தவர்களின் இயக்கத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் கர்க்கரின் தலைமேல் கைவைத்து, அவருக்குள் இருப்பதைத் துரத்த முயன்றார். செய்தியாளர்களின் கேமராக்கள் சுற்றிலும் நின்றன.

அந்தக் காட்சியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவையில் பேசப்பட வேண்டியது ஒரு நூலை எப்படி வாசிப்பது என்பது. வெளியே நடந்தது எதிரில் நின்ற ஒரு மனிதரின் உடம்பின்மேல் நடத்தப்பட்ட சடங்கு. நூலைப் பற்றிய விவாதம் நபரைப் பற்றிய விவாதமாக மாறும் நொடி ஒன்று உண்டு; அந்த நொடியைக் கண்டுபிடித்து அங்கேயே நிறுத்துவதுதான் கூட்டத்தை நடத்துகிறவரின் முதல் வேலை. ‘இந்த வசனத்துக்கு இதுதான் பொருள்’ என்று ஒருவர் சொல்லட்டும், எவ்வளவு கடுமையான பொருளாக இருந்தாலும் சொல்லட்டும். ‘ஆகவே நீ இப்படிப்பட்டவன்’ என்று தொடரும்போது அவர் விவாதத்தை விட்டு வெளியேறிவிட்டார். எதிர்ப்பக்கத்திலும் இதே அளவுகோல் வேண்டும். ‘இன்னமும் தேவாலயம் போகிறாயா, உன்னைப் பிடிக்காதவர்களின் காலைப் பிடிக்கிறாயே’ என்று நம்பிக்கையாளரைப் பார்த்துச் சொல்வதும் நபரைக் குறிவைப்பதுதான். நம்மவர் கூட்டங்களில் முதலாவதைவிட இரண்டாவதையே நான் அதிகம் கேட்டிருக்கிறேன்.

அந்த வாக்கெடுப்பால் எதுவும் தீர்ந்துவிடவில்லை. 2003இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில், ஓர் ஆணோடு வாழ்வதை வெளிப்படையாகச் சொன்ன ஜீன் ராபின்சன் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 2008இல் மரபுவாதப் பேராயர்கள் எருசலேமில் தனியே கூடினார்கள். அதே 2008இல் நடந்த லாம்பெத் மாநாடு தீர்மானம் போடுவதையே கைவிட்டு, தென்னாப்பிரிக்காவின் ஜூலு மக்களிடமிருந்து ‘இண்டாபா’ என்ற முறையை எடுத்துக்கொண்டது. ஏறத்தாழ நாற்பது பேர் கொண்ட குழுக்களாக உட்கார்ந்து, ஒவ்வொருவரும் பேசி முடிக்கும்வரை கேட்பது, வாக்கு எடுக்காமல் கலைவது என்பது அதன் சாரம். அதிலும் பெரிய குறை இருந்தது: யாரைப் பற்றிப் பேசினார்களோ அந்த ராபின்சனுக்கே அழைப்பு இல்லை, இருநூறுக்கும் மேற்பட்ட பேராயர்கள் தாமாகவே வரவில்லை. ஆனாலும், முறை என்ற அளவில் அது 1998ஐவிட நாகரிகமானது. 2022 மாநாட்டின்போது கேன்டர்பரி தலைமைப் பேராயர் ஜஸ்டின் வெல்பி, பழைய தீர்மானம் இன்னும் இருக்கிறது என்று சொன்னதோடு, அதற்கு மாறான முடிவுக்கு வந்த சபைகளும் வேதத்தை அலட்சியம் செய்து அங்கே போகவில்லை, நீண்ட ஆய்வுக்குப் பிறகே போயின என்றும் சேர்த்துச் சொன்னார். இரண்டு தரப்பையும் இது முழுதாகத் திருப்திப்படுத்தவில்லை. எனக்கும் முதல் பாதி வருத்தமே தந்தது. ஆனால் எதிரில் இருப்பவரும் தம் நூலை மதித்துத்தான் வாசிக்கிறார் என்ற இந்த ஒப்புதல் இல்லாமல் நூல் பற்றிய விவாதம் ஐந்து நிமிடங்கூட நிற்காது.

நூலைப் பற்றிய விவாதம் தடத்தில் நிற்கும்போது எப்படி இருக்கும் என்பதற்கு, கடவுள் அழித்ததாக விவிலியம் சொல்லும் சோதோம் ஊரின் கதையையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதுதான் எங்கும் முதலில் வந்து நிற்கும். ஆதியாகமம் 19ஆம் அதிகாரத்தில் லோத்தின் வீட்டுக்கு இரண்டு தூதர்கள் விருந்தினராக வருகிறார்கள். ஊரிலுள்ள ஆண்கள் வீட்டைச் சூழ்ந்துகொண்டு அவர்களை வெளியே அனுப்பச் சொல்கிறார்கள். லோத்து தம் இரு மகள்களைத் தருவதாகச் சொல்கிறார். தன்பாலீர்ப்பை ஏற்பவர்கள் உடனே எசேக்கியேல் 16:49ஐக் காட்டுவார்கள். அங்கே சோதோமின் அக்கிரமமாகக் கர்வமும், உணவு நிறைந்த வாழ்வும், எளியவரின் கையைத் தாங்காமல் விட்டதும் சொல்லப்படுகின்றன. நல்ல சான்று. ஆனால் நேர்மையாகப் பேசுகிறவர் அடுத்த வசனத்தையும் வாசிக்க வேண்டும். அதில் அருவருப்பானதைச் செய்தார்கள் என்றும் இருக்கிறது. யூதாவின் நிருபம் 7ஆம் வசனம் சோதோமின் பாலியல் பாவத்தைத் தெளிவாகவே குறிக்கிறது. இதற்கு மறுமொழியாக நியாயாதிபதிகள் 19ஐ வைக்கலாம்: கிபியா ஊரில் அதே மாதிரி ஒரு கும்பல் வீட்டைச் சூழ்ந்து, வந்த ஆணைக் கேட்கிறது, கடைசியில் அவனுடைய மறுமனையாட்டி வெளியே தள்ளப்பட்டு இரவு முழுவதும் சிதைக்கப்படுகிறாள். அந்தக் கதையை எதிர்ப்பால் ஈர்ப்பின் குற்றமாக யாரும் வாசிப்பதில்லை, கும்பலின் வன்கொடுமையாகவே வாசிக்கிறோம். அப்படியானால் சோதோமை மட்டும் ஏன் வேறு மாதிரி வாசிக்கிறோம் என்பது உண்மையான கேள்வி. அது உண்மையான கேள்வியாக இருப்பதற்குக் காரணம், எதிர்த்தரப்பின் வலுவான வசனத்தையும் மேசையில் வைத்துவிட்டுக் கேட்பதுதான்.

இப்படி ஒரே கதையில் இருந்தால் இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. யாராவது லேவியராகமம் 18:22க்குத் தாவினால், அது வேறு கதை அல்ல, வேறு வகை நூல், சட்டத் தொகுப்பு. அதைச் சோதோமோடு கலந்தால் இரண்டும் கெடும் என்று சொல்லி அடுத்த கூடுகைக்குத் தள்ளிவைக்கலாம். ரோமர் முதல் அதிகாரம் இவை இரண்டிலும் கடினமானது. அதில் பவுல் ஆண்களோடு பெண்களையும் குறிப்பிடுகிறார், விக்கிரக வழிபாட்டைப் பற்றிய ஒரு நீண்ட வாதத்தின் நடுவே குறிப்பிடுகிறார். அதற்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் வேண்டும்.

இஸ்லாமிய நண்பர்களோடு பேசும்போது இன்னொரு கவனம் தேவை. விவிலியத்தின் லோத்துதான் குர்ஆனில் லூத் நபி; அவருடைய வரலாறு அதில் பல அத்தியாயங்களில் வருகிறது. 7:80 முதல் 84 வரையும் 26:165, 166உம் பெரும்பாலும் மேற்கோள் காட்டப்படுபவை. மரபு வழி ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) ஆணோடு ஆண் கொள்ளும் உறவை விலக்கப்பட்டதாகவே கருதுகிறார்கள். இதில் சுற்றி வளைப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் உலகியல் தண்டனை என்ன என்பதில் சட்டப் பள்ளிகள் வேறுபட்டன. ஹனஃபி பள்ளியின் மூலவரான இமாம் அபூ ஹனீஃபா அதை விபசாரத்துக்குரிய வரையறுத்த தண்டனையின்கீழ் கொண்டுவராமல், நீதிபதியின் தீர்மானத்துக்கு விட்டார். ஷாஃபிஈ பள்ளியில் கடுமை அதிகம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களின் மரைக்காயர்கள் ஷாஃபிஈ வழியினர், ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி வழியினர் என்பதால், தமிழ் முஸ்லிம்கள் இருவர் உட்கார்ந்திருக்கும் ஓர் அறையிலேயே இரண்டு மரபுகள் இருக்கக்கூடும். லூத் சமூகத்தின் குற்றம் விருந்தினர்மேல் ஏவிய வன்முறையும் நபியை மறுத்ததுமே என்று வாசிக்கும் இக்கால அறிஞர்களும் உள்ளார்கள்; பெரும்பான்மை அதை ஏற்கவில்லை. இவ்வளவும் பேசத் தகுந்தவை. ஆனால் இந்தியாவின் இன்றைய சூழலில், முஸ்லிம் அல்லாத ஒருவர் இதைப் பேசத் தொடங்கினால் பேச்சு மூன்றே வாக்கியங்களில் ‘இவர்கள் இப்படித்தான்’ என்பதில் போய் நிற்கிறது. அங்கே கேள்வி தன்பாலீர்ப்பு என்பதிலிருந்து சிறுபான்மை வெறுப்பு என்பதற்கு மாறிவிடுகிறது, அதுவும் அந்த அறையில் ஏற்கெனவே இரட்டைப் பயத்தோடு உட்கார்ந்திருக்கும் முஸ்லிம் நண்பரின் செலவில். ஆகவே ஒரு நெறியை வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு மதத்தின் நூலைப் பற்றிய குறையை அந்த மதத்தில் வளர்ந்தவர் முதலில் பேசட்டும், மற்றவர்கள் கேள்வி கேட்கலாம்.

‘எங்கள் மதத்தில் சிக்கலே இல்லை’ என்ற கூற்றையும் விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் பெரும்பான்மையினர் சொல்வதாலேயே அது தடம் மாற்றுவதாக யாருக்கும் தோன்றுவதில்லை. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிக் கூத்தாண்டவருக்கு மனைவியராகத் தாலி கட்டிக்கொள்பவர்கள் திருநங்கையர். அது அவர்களுடைய விழா, அவர்களுடைய துக்கமும்கூட. இரண்டு ஆண்கள், ஆண்களாகவே இருந்து, ஒரு வீட்டில் வாழ்வதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. மோகினி கதையும் அப்படியே: அங்கே கடவுள் உருவம் மாறுகிறார். இக்கதைகளில் ஒருவர் ஆறுதல் காண்பதை நான் மதிக்கிறேன். ஆனால் அவற்றை விவாதத்தில் சான்றாக வைக்கும்போது, திருநங்கையரின் வழிபாட்டை நம் வழக்குக்குச் சாட்சியாக இழுத்து வருகிறோம், கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லாமல் போகிறோம்.

நூலே வேண்டும் என்றால் மனுஸ்மிருதி இருக்கிறது. அதன் 11ஆம் அத்தியாயத்தில், ஆணோடு உறவு கொண்ட துவிஜன் (இருபிறப்பாளன், அதாவது மேல் மூன்று வருணத்தவன்) உடுத்திய உடையோடு நீராட வேண்டும் என்று ஒரு சிறு பரிகாரம் வருகிறது. அதை மட்டும் எடுத்துக்காட்டி, பார்த்தீர்களா எவ்வளவு மென்மை என்பவர்கள் உண்டு. அதே அத்தியாயத்தில் முன்னதாக அச்செயல் சாதியை இழக்கச் செய்யும் குற்றங்களின் வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறது. 8ஆம் அத்தியாயத்தில் கன்னிப் பெண்ணோடு உறவு கொண்ட பெண்ணுக்குத் தலையை மழிப்பதும் விரல்களை வெட்டுவதும் கழுதையில் ஏற்றுவதும் தண்டனையாகச் சொல்லப்படுகின்றன. இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். மனுவைப் பற்றிப் பேசும்போது ஒருவர் சாதியை எழுப்பினால், ‘தலைப்புக்கு வாருங்கள்’ என்று அவரை அடக்காதீர்கள். துவிஜன் என்ற சொல் அந்தச் சுலோகத்திலேயே இருக்கிறது. தண்டனை சாதியை வைத்தே அளக்கப்படுகிறது. ஆகவே சாதி அங்கே தலைப்பின் உள்ளேயே இருக்கிறது. தடம் காப்பது என்பது சிலருக்குச் சங்கடமானதைப் பேசவிடாமல் தடுக்கும் கருவியாக மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். பாதிக்கப்பட்டவர் எழுப்புகிற கேள்வி கிளைக்கதை போலத் தோன்றினால், அது எடுத்த நூலோடு எங்கே இணைகிறது என்று அவரிடமே கேட்டுவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது வகைக் கேள்வி, அதாவது நிறுவனம் இன்று என்ன சொல்கிறது என்பது, உண்மையில் விவாதத்துக்கே அதிகம் இடமில்லாத ஒன்று. பார்த்துச் சொல்லிவிடலாம். ‘போப் ஏற்றுக்கொண்டுவிட்டார்’ என்று ஒருவரும் ‘இல்லவே இல்லை’ என்று இன்னொருவரும் அரை மணி நேரம் மோதிக்கொள்வதற்குப் பதிலாக, 2023 டிசம்பர் 18 அன்று வத்திக்கான் வெளியிட்ட அறிக்கையை எடுத்து வாசிக்கலாம். தன்பால் இணையரைக் குருவானவர் ஆசீர்வதிக்கலாம், ஆனால் திருமணச் சடங்கு போன்ற வழிபாட்டு முறையில் கூடாது, திருமணம் பற்றிய போதனை மாறவில்லை என்பதே அதன் உள்ளடக்கம். அடுத்த மாதமே ஆப்பிரிக்க ஆயர்களின் பேரவை தங்கள் பகுதிகளில் அத்தகைய ஆசீர்வாதம் இராது என்று அறிவித்தது. கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2357ஆம் பத்தி இத்தகைய செயல்களை ஒழுங்கு தவறியவை என்கிறது. 2358ஆம் பத்தி இத்தகையோரை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும், நியாயமற்ற பாகுபாடு கூடாது என்கிறது. ஆளுக்கொரு பத்தியைக் கையில் வைத்துக்கொண்டு சண்டையிடுகிறவர்களிடம் இரண்டையும் சேர்த்து வாசித்துக் காட்டினால் பாதிச் சூடு தணிந்துவிடும்.

சட்டம் பற்றிய கேள்விக்கு வரும்போது நூல் என்ன சொல்கிறது என்பதை மூடி வைத்துவிட வேண்டும். 2009 ஜூலை 2 அன்று தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை டெல்லி உயர் நீதிமன்றம் தளர்த்தியபோது அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்களின் பட்டியலைப் பாருங்கள்: ஒரு சோதிடர், அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம், கிறிஸ்தவ அமைப்புகள், நம் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம். வேறு எதிலும் ஒன்றுசேராதவர்கள் இதில் சேர்ந்தார்கள். 2013 டிசம்பர் 11 அன்று வென்றார்கள். 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அதைத் திருத்தியபோது, சமூகத்தின் ஒழுக்கத்துக்கும் அரசமைப்பின் ஒழுக்கத்துக்கும் இடையே கோடு கிழித்தது. அந்தக் கோடு உங்கள் கூடுகைக்கும் உதவும். ஒருவர் தம் மதத்தின் மரபான போதனையை முழுதாக நம்பிக்கொண்டே, அதை அரசு மற்றவர்மேல் சட்டமாகத் திணிக்கக் கூடாது என்றும் சொல்லலாம். அப்படிச் சொல்லும் நண்பரை எதிரியாக நடத்துவது பெரிய நட்டம்.

விவாதத்துக்கே எடுக்கக் கூடாத ஒன்று உண்டு. ஜெபத்தாலோ ஓதிப் பார்ப்பதாலோ பரிகாரத்தாலோ மருந்தாலோ ஒருவரின் ஈர்ப்பை மாற்ற முடியுமா என்பது மதக் கேள்வி போலத் தோன்றும். அது நடைமுறை உண்மை பற்றிய கேள்வி, பதிலும் தெரிந்ததே. 1976இல் அமெரிக்காவில் தொடங்கி இத்தகைய மாற்றத்தை முன்னிறுத்திய எக்சோடஸ் இன்டர்நேஷனல் என்ற கிறிஸ்தவ அமைப்பை, 2013இல் அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ் பாதிக்கப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மூடினார். இங்கே, 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், மதுரையிலிருந்து சென்னைக்கு அடைக்கலம் தேடி வந்த இரண்டு பெண்களின் வழக்கில், பாலீர்ப்பை மாற்றும் சிகிச்சை முயற்சிகளைத் தடை செய்யச் சொன்னார். தமக்கே இந்தப் பொருளில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகு எழுதிய உத்தரவு அது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய சிகிச்சையைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. எனவே யாராவது உங்கள் கூடுகையில் ‘ஒரு போதகர் இருக்கிறார், போய்ப் பாருங்கள்’ என்று தொடங்கினால், அதை ஒரு தரப்பு வாதமாக எண்ணி மறுவாதம் கேட்காதீர்கள். அங்கேயே நிறுத்துங்கள், மறுபடி சொன்னால் அவரை வெளியே அனுப்புங்கள். கடுமை வேண்டிய ஒரே இடம் இதுதான்.

நாத்திக நண்பர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரியார் மண்ணில் வளர்ந்த அவர்களில் பலர், வீட்டையும் ஊரையும் மதத்தின் பெயரால் இழந்தவர்கள். அவர்களுடைய கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் கடவுள் உண்டா இல்லையா என்பது ஐந்தாவது கேள்வி. லூத் சமூகத்தின் கதைக்கு என்ன பொருள் என்று பேசும்போது அந்தக் கதையே பொய் என்பது பதிலாகாது. பொய்க் கதைக்கும் ஒரு பொருள் இருக்கும், அந்தப் பொருள் ஒருவரை வீட்டை விட்டுத் துரத்தவும் செய்யும். அவர்களுக்கென ஒரு கூடுகையை ஒதுக்குங்கள். நம்பிக்கையை விட்டது எப்படி, விட்ட பின் எதை இழந்தார்கள், எது இலேசானது என்று அவர்கள் பேசட்டும், அன்று நம்பிக்கையாளர்கள் கேட்கட்டும். தமக்கும் ஒரு நாள் உண்டு என்று தெரிந்தவர் அடுத்தவருடைய நாளில் குறுக்கிடுவது குறைந்துவிடும்.

நடைமுறைக்குச் சில சொற்கள். கூடுகை தொடங்கும்போதே இன்றைய கேள்வி எது என்பதை ஒரே வாக்கியத்தில் பலகையில் எழுதி வையுங்கள்; ‘இஸ்லாமும் நாமும்’ என்று எழுதாமல், ‘7:80, 81 வசனங்களை மரபும் இன்றைய அறிஞர்களும் எப்படி வாசிக்கிறார்கள்’ என்று எழுதுங்கள். பேச்சு விலகும்போது ‘தலைப்பை விட்டுப் போகிறீர்கள்’ என்று சொன்னால் குற்றம் சாட்டுவது போலாகும். ‘அண்ணா, நீங்கள் சொல்வது சட்டம் பற்றியது, அதைக் குறித்துக்கொள்கிறேன், இப்போது வசனத்துக்கு வருவோம்’ என்றால் அவர் சொன்னது வீணாகவில்லை என்று அவருக்கும் தெரியும். குறித்துக்கொண்டதை உண்மையாகவே குறித்து வைத்து, அடுத்த கூடுகையில் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் இரண்டாம் முறை யாரும் நம்ப மாட்டார்கள். ஒருவர் தமக்காகக் கேட்கும் கேள்வி எழுந்தால், ஓடிக்கொண்டிருக்கும் விவாதம் எவ்வளவு சுவையாக இருந்தாலும் அதை நிறுத்திவிட்டு, அவருடைய சபையிலோ ஜமாஅத்திலோ வளர்ந்தவர் யாராவது இருக்கிறாரா என்று கேட்டு அவரை முதலில் பேச விடுங்கள். முடிவில் வாக்கெடுப்பும் வேண்டாம், யார் சரி என்ற தீர்ப்பும் வேண்டாம்.

வருவதை நிறுத்தியவர்களைத் தனித்தனியே அழைத்து, அவர்கள் எந்தக் கேள்வியோடு வந்தார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் அது நான்காவது வகையாகத்தான் இருக்கும், உங்களால் ஒரு கூடுகையில் எடுத்துக்கொள்ளவும் முடியும். அதற்கு முன், புதிய முறையைப் பழகிக்கொள்ள முதல் கூடுகைக்கு இரண்டாவது வகைக் கேள்வி ஒன்றைத் தேர்ந்துகொள்வது நல்லது. வத்திக்கானின் 2023 அறிக்கை சில பக்கங்களே கொண்டது. அச்செடுத்து ஆளுக்கொரு பிரதி கொடுத்து, ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் அதில் இருப்பதைப் பற்றி மட்டும் பேசட்டும்.